முதலில் நீங்க

புதன்கிழமைகளில் ரொட்டி மாவு பொங்கும்வரை வேதம் வாசிப்பார்கள். ஓனிசுகா போதகர் வீட்டு நடைமுறை அது. மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் பெண்கள் கூடத்துக்கு வருவார்கள். மாவு பொங்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் போதகருடையது. வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும், பிரசங்கமும் சுருங்கிப்போகும். "கடவுளோட வார்த்தைக்கு நேரம் குறிக்கிறது ஈஸ்ட்டுதான்" என்று அந்தப் பெண்களில் இளையவளான இபே ஒருமுறை சொன்னபோது போதகரே சிரித்துவிட்டார்.

தைவானில் காவோசியுங் துறைமுகத்தை ஒட்டிய பேரிங் தொழிற்சாலையில் வேலை பார்க்க ஜப்பானிலிருந்து வந்தவர்களின் மனைவிமார் அவர்கள். கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த ஒரே கட்டிடத்தில் குடியிருந்தார்கள். மேல்மாடியில் கிளைத் தலைவர் நகஜோ. அதற்கு அடுத்த மாடியில் துணைத் தலைவர் தொகுனாகா. அதற்கும் கீழே, தலைமை அலுவலகம் அனுப்பிய இளம் பொறியாளர் இபே. கடைசியாக இரண்டாம் மாடியில், எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவின் மேற்பார்வையாளன் முகாயமா கெங்கோ. மார்க்கெட்டுக்குப் போகும் வேனில் பெண்கள் உட்காருவதும் இதே வரிசையில்தான். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. கணவனின் குடும்பப் பெயர்தான் அங்கே மனைவிக்கும் கூப்பிடும் பெயர்.

ஓனிசுகாவை அனுப்பியவை ஜப்பானில் உள்ள சில சிறிய சபைகள். ஊரில் கதவைத் திறக்காத ஜப்பானியர் வெளிநாட்டில் திறப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. திறந்தவர்களில் பலர் திரும்பும் விமானத்திலேயே மூடிக்கொண்டுவிடுவார்கள் என்பதையும் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுண்டு. ஓனிசுகாவைப் பொறுத்தவரை, மூடிக்கொள்ளக்கூட இதுவரை யாரும் திறந்ததாக வெளியே தெரியவில்லை. மூன்று வருடத்தில் பெண்கள் ஆறு வகை ரொட்டி கற்றுக்கொண்டார்கள். கூடத்தில் உட்கார்ந்து ஒருவரும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. போதாக்குறைக்கு அவர் பெயர் வேறு. ஓனி என்றால் அரக்கன். "அரக்கன் வீட்டுக்கு வேதம் படிக்கப் போறேன்னு எழுதினேன், என் தங்கச்சி பயந்துட்டா" என்பாள் இபே.

அந்தப் புதன்கிழமை, மாவு மேடையில் இருக்க, நகஜோ அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, நான் ஞானஸ்நானம் எடுத்துக்கலாம்னு இருக்கேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கு எடுத்தா நல்லா இருக்கும். சின்ன வயசுல மிஷன் ஸ்கூல்ல படிச்சவ நான். தைவான்ல இருந்ததுக்கு ஒரு நினைவாவும் இருக்கும்."

போதகர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தொகுனாகா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சரியம் பாருங்க! நானும் இதையேதான் நினைச்சுட்டு இருந்தேன்."

"நானும்" என்றாள் இபே. என்றைக்கு நினைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அவள் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

மூவரும் மினேகோவைப் பார்த்தார்கள். கெங்கோவின் மனைவி. கூடத்தின் ஓரத்தில், சமையலறைக்குப் பக்கத்தில், எப்போதும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருப்பவள். அவளும் இப்போது "நானும்" என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

மினேகோ சொன்னாள்: "நான்... யோசிச்சுச் சொல்றேன்."

அவர்கள் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாட்டேன். தொகுனாகா அக்காவின் புருவம் ஏறி இறங்கியது. போதகர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். திகைக்கக் காரணம் இருந்தது. போன மாதம் யாருக்கும் தெரியாமல் தனியாக வந்து, கிறிஸ்துமஸ் அன்று எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்டவளே மினேகோதான். அதுவரை கேட்டவள் அவள் ஒருத்தி மட்டும்தான்.

*

அவளுக்கு விசுவாசம் வந்த விதத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது அவள் பழக்கம். புகுந்த வீட்டில் வேறு யாரும் அவளிடம் கருத்துக் கேட்டதில்லை என்பதால் வந்த பழக்கம். ஒரு நாள் காலையில், கையில் நுரையோடு, தான் பேசுவதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இல்லை. மறுநாளும் தோன்றியது. அவ்வளவுதான்.

ஞானஸ்நானம் எடுக்கப்போவதை மட்டும் போன மாதமே கணவனிடம் சொல்லியிருந்தாள். ஜப்பானில், எஹிமேயில் ஆரஞ்சுத் தோட்டம் உள்ள வீட்டுக்கு மூத்த மகன் கெங்கோ. "உனக்கென்ன பைத்தியமா? அம்மாவுக்குத் தெரிஞ்சா மாரடைச்சுப் போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சியில் பேஸ்பால் சத்தத்தைக் கூட்டினான். ஜனவரியில் ஊருக்கு மாற்றல் என்று உத்தரவும் வந்துவிட்டது. ஊருக்குப் போய்விட்டால் மாமியார், மறைந்த மாமனாரின் படம் இருக்கும் சாமிமாடம், கோயில், சொந்தம். அதற்குள் எடுத்தால்தான் உண்டு. அவன் சம்மதிக்காவிட்டாலும் எடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். அவள் வாழ்க்கையில் தானாக எடுத்த முடிவுகளை எண்ண ஒரு கையே அதிகம்.

அன்று சாயங்காலம் கெங்கோ காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"நகஜோ அம்மா ஞானஸ்நானம் எடுக்கறாங்களாமே! ஆபீஸ் முழுக்க இதே பேச்சு. நீயும் போன மாசம் ஏதோ கேட்டியே?"

"நீங்க வேணாம்னீங்க."

"அது அப்போ. தலைவர் சம்சாரமே எடுக்கும்போது நீ எடுக்காம இருந்தா என்ன நினைப்பாங்க? தாராளமா எடு. துண்டு ஏதாவது வாங்கணுமா? வெள்ளைத் துண்டு?"

"அம்மாவுக்கு மாரடைக்கும்னு சொன்னீங்களே."

"அவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? இது கம்பெனி சமாச்சாரம். ஊருக்குப் போனதும் யாரு கேக்கப் போறாங்க? இங்க எடுத்ததை இங்கயே விட்டுட்டு வந்துடு."

அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் பேசினான். அதுதான் அவளைக் கொன்றது. ஒரு மாதம் தனியாகச் சுமந்த ஒன்றை, பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது; உள்ளே இருந்ததைக் காணோம்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். "இப்போ நான் எடுத்தா அது யாருக்காக?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். குழாயை மூடினாள், திறந்தாள். கழுவிய கிண்ணங்களையே மறுபடி கழுவினாள். மறுநாள் விடிந்தும் அப்படியே இருந்தது.

*

போதகரின் வீட்டு மணியை அடித்தபோது அவர் மனைவி ஃபுசாயே கதவைத் திறந்தார். மினேகோவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்.

"நேத்து ஏன்ம்மா அப்படிச் சொன்னே?" என்றார் போதகர். "போன மாசம் நீயே கேட்டியே. எனக்கு ஒண்ணும் புரியல."

"அதனாலதான் ஐயா. எனக்கு மட்டும் தனியா, முன்னாடியே கொடுத்துடுங்க. இந்த ஞாயித்துக்கிழமையே. பாத்டப்ல கொடுத்தாலும் சரி."

போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வட ஜப்பானில், அகிதாவின் பனியில் வளர்ந்த மனிதர். காவோசியுங்கில் நவம்பரிலும் வேர்த்தது அவருக்கு.

"கொடுக்கலாம். ஆனா நகஜோ அம்மா காதுக்குப் போச்சுன்னா..."

"போனா?" என்றார் ஃபுசாயே, கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டே.

"இல்ல ஃபுசாயே, அவங்களை முந்திக்கிட்டு மினேகோவுக்குக் கொடுத்துட்டோம்னு ஆயிடும். அவங்க பின்வாங்குவாங்க. அவங்க பின்வாங்கினா தொகுனாகா அம்மா, இபே... மூணு வருஷம் கழிச்சு இப்போதான் நாலு பேரு. இந்த நேரத்துல போய்த் துணியை விலக்கிப் பாத்தா மாவு அமுங்கிடும்."

"அவங்க மாவு இல்லீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொல்லாதீங்க. யாருக்குப் பயப்படறீங்க நீங்க? தலைவருக்கா, தலைவர் சம்சாரத்துக்கா? ரெண்டு பேருமே உங்க மேலதிகாரி இல்லையே."

போதகர் நல்ல மனிதர், உடனே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டதோடு நிற்காமல் மூன்று வீட்டுக்கும் நேரில் போனார். மற்றவர்கள் எடுக்காவிட்டாலும் நீங்கள் எடுப்பீர்களா என்று கேட்டார். நகஜோ அம்மா நல்ல தேநீர் ஊற்றிக் கொடுத்து, அன்றைக்கு அங்கிக்கு உள்ளே என்ன நிறம் உடுத்துவது என்று விசாரித்தார். தொகுனாகா அக்கா தன் விசுவாசம் ஆழமானது என்றார், கண் இமைக்காமல். இபே சிரித்தாள், வியர்த்தாள், "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன் ஐயா" என்றாள். கேட்டவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கே வெச்சுக்கலாம்மா" என்று மினேகோவிடம் சொன்னார். "ஆனா நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். வரிசை போட மாட்டேன். யாருக்கு உண்மையா வேணுமோ அவங்களே முதல்ல இறங்கட்டும். அது அவங்கவங்க சுதந்திரம்."

ஃபுசாயே கத்தியைக் கீழே வைத்தார். "நீங்க நிஜமாவே ஜப்பான்லதான் பொறந்தீங்களா?"

*

ஞானஸ்நானத் தொட்டி தைவான்காரர்களின் சபையில் இருந்தது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த பிறகு, மத்தியானத்தில் ஜப்பானியர்களுக்கு இடம் கொடுத்தார்கள். மேடைப் பலகைகளை அகற்றினால் கீழே நீல ஓடு பதித்த தொட்டி, இறங்க ஐந்தாறு படி, ஒரு கைப்பிடி. ஆண்கள் கறுப்பு சூட்டில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்: நகஜோ, தொகுனாகா, இபே, ஓரத்தில் கெங்கோ. வரிசை மாறவில்லை.

பெண்கள் நால்வரும் வெள்ளை அங்கியில், வெறுங்காலோடு, படியின் விளிம்பில் நின்றார்கள். மினேகோ கடைசியில். இன்னும் யோசித்துச் சொல்லாதவள் எப்படி அங்கே நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை. கணவன் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டான், அதுவே பதிலாகிவிட்டது. வருவதா வேண்டாமா என்று காலைவரை அவள் அலைக்கழிந்தாள். எடுக்காமல் போனால் எஹிமேயில் இனி ஒருபோதும் இல்லை. எடுத்தால், மேல்மாடிக்கும் நான்காவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் அடுத்து இரண்டாவது மாடி.

போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜெபம் செய்தார். பிறகு, தன் திட்டப்படி, கைகளை விரித்து, "உங்களில் யார் முதலில் வருகிறீர்கள்?" என்றார்.

யாரும் அசையவில்லை.

நகஜோ அம்மா மெதுவாகத் திரும்பினார். "தொகுனாகா அம்மா, முதல்ல நீங்க."

"ஐயையோ, என்னம்மா இது! நீங்க இருக்கும்போது நானா?"

"பரவாயில்லை, போங்க."

"சத்தியமா மாட்டேன். இபே, நீ போறியா?"

"நானா? ஐயோ அக்கா, என்னை விட்டுடுங்க!"

தண்ணீரில் போதகர் கைகளை விரித்தபடியே நின்றார். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த ஃபுசாயே கண்களை மூடிக்கொண்டார். அது ஜெபத்துக்காக மட்டும் மூடியதாகத் தெரியவில்லை.

எஹிமே வீட்டுக் குளியலறை மினேகோவின் நினைவுக்கு வந்தது. ஒரே தொட்டித் தண்ணீர்தான் எல்லோருக்கும். விருந்தாளி இருந்தால் விருந்தாளி முதலில், பிறகு அப்போது உயிரோடிருந்த மாமனார், கணவன், கொழுந்தன்மார், மாமியார். கடைசியாக மருமகள். அவள் இறங்கும்போது தண்ணீர் ஆறிப்போயிருக்கும். மேலே மற்றவர்களின் முடி மிதக்கும். மாமியாரும் ஒவ்வொரு நாளும் தவறாமல் "இன்னிக்கு நீ முதல்ல குளியேன்" என்பார். ஒரு நாள்கூட அவள் அதை நம்பி எழுந்ததில்லை. நம்புவதற்காகச் சொல்லப்படுவதில்லை அது.

"மினேகோ, நீங்க முதல்ல போங்களேன்" என்றார் நகஜோ அம்மா.

சுற்று முடிந்துவிட்டது. இப்போது மினேகோ தலையைக் குனிந்து, கையை ஆட்டி, நான் எப்படி என்று சொல்ல வேண்டும். பிறகு நகஜோ அம்மா பெருமூச்சு விட்டு, அப்படியானால் மன்னிக்கணும் என்று முதலில் இறங்குவார். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

"சரிங்க" என்றாள் மினேகோ.

தொகுனாகா அக்கா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. மினேகோ மூவரையும் கடந்து படியில் கால் வைத்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. சுத்தமாக இருந்தது. அடிவரை நீல ஓடு தெரிந்தது. போதகர் அவள் முதுகில் கை வைத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். "விசுவாசிக்கிறேன்" என்று அவள் சொன்னது அவளுக்கே சற்றுச் சத்தமாகப் பட்டது. மூழ்கினாள்.

எழுந்தபோது காதில் தண்ணீர் அடைத்து ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது கெங்கோவின் முதுகு. அவன் பெஞ்சிலிருந்து எழுந்து, தலைவர் நகஜோவின் முன்னால் இடுப்பை மடித்து வணங்கிக்கொண்டிருந்தான். மன்னிப்பு. தலைவர் சங்கடத்தோடு கையை ஆட்டினார். கெங்கோ இன்னும் தாழ்ந்தான்.

அவள் திரும்பினாள். நகஜோ அம்மா முதல் படியில் நின்றிருந்தார். கைப்பிடியைப் பிடித்த விரல்களின் மூட்டு வெளுத்திருந்தது.

"ஆழமா?" என்றார், அவள் மட்டும் கேட்கும்படி. அந்தக் குரலை மினேகோ அதற்கு முன் கேட்டதில்லை. தலைவர் மனைவியின் குரல் இல்லை அது. தண்ணீரைக் கண்டு பயந்த ஒரு பெண்ணின் குரல்.

"இடுப்பளவுதாங்க. கடைசிப் படி வழுக்குது. பாத்து."

"முதல்ல நீங்க போனது நல்லதாப் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, மினேகோவின் தோளைப் பிடித்துக்கொண்டு நகஜோ அம்மா இறங்கினார்.

அடுத்து தொகுனாகா அக்கா இறங்கி, நீச்சல் குளத்திலிருந்து வருகிறவர் போல ஏறினார். இபேயின் முறை வந்தபோது அவள் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல ஐயா. எல்லாரும் எடுக்கறாங்களேன்னுதான்... மன்னிச்சிடுங்க. ரொட்டிக்கு மட்டும் வரலாமா?"

போதகருக்கு மூன்று வருடத்தில் கிடைத்த உண்மையான பதில்களில் அதுவும் ஒன்று. "வாம்மா, வா" என்றார்.

*

வழியில் கெங்கோ பேக்கரியில் நின்று ஒரு கேக் பெட்டி வாங்கினான். வீட்டுக்குப் போகவில்லை, நேராக மேல்மாடிக்குக் கூட்டிப்போனான்.

"முன்னாடி போனதுக்கு மன்னிப்புக் கேட்டுடு. ஒரே ஒரு வார்த்தை. நம்ம ஊருக்குப் போறதுக்குள்ள இதைத் தீத்துடணும்."

"அவங்க பயந்தாங்க. நிஜமாவே என்னை முதல்ல போகச் சொன்னாங்க."

"யாரு? நகஜோ அம்மாவா? பயமா?" கெங்கோ சிரித்தேவிட்டான். "யாருமே அதை நிஜமாச் சொல்ல மாட்டாங்க மினேகோ. இது தெரியாதா உனக்கு? உன் வயசென்ன?"

நிஜமாகத்தான் சொன்னார்களா என்பது அவளுக்கும் தெரியவில்லை. நகஜோ அம்மாவின் பயத்தை அவள் தண்ணீரிலிருந்து எழுந்த பிறகுதான் பார்த்தாள். இறங்கியபோது பார்க்கவில்லை. இறங்கியபோது அவள் எடுத்துக்கொண்டாள்; கொடுத்தார்களா என்று பார்க்கவில்லை.

நகஜோ அம்மாவே கதவைத் திறந்தார், ஈரத் தலையில் துண்டோடு. கெங்கோ கேக் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, தரையைப் பார்த்து நீளமாகப் பேசினான். பிறகு முழங்கையால் மினேகோவை லேசாக இடித்தான்.

மினேகோ தலைகுனிந்து, "முன்னாடி போயிட்டேங்க" என்றாள்.

அவர்கள் மொழியில் மன்னிப்பும் அதுதான். பெரியவரை மீறியவன் குரலைத் தாழ்த்திச் சொல்வது அது. ஆனால் குளித்துவிட்டு வெளியே வருகிறவர் அடுத்துக் குளிக்கக் காத்திருப்பவரிடம், துண்டைத் தோளில் போட்டபடி தினமும் சொல்வதும் அதே வார்த்தைதான். மினேகோ குரலைத் தாழ்த்தவில்லை.

நகஜோ அம்மா தலைத் துண்டின் நுனியால் காதைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சு, இல்ல?"

"ஆமாங்க."

"எனக்கு இன்னும் காதுல தண்ணி இருக்கு" என்று சொல்லி, பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கெங்கோவின் தோள் தளர்ந்தது. படியில் இறங்கும்போது விசிலடிக்காத குறை. "பாத்தியா? ஒரு வார்த்தை. முடிஞ்சு போச்சு."

"நான் மன்னிப்புக் கேக்கல."

"இப்பதானே கேட்ட!"

"முன்னாடி போனேன்னு சொன்னேன். போனேன். அதைத்தான் சொன்னேன்."

கெங்கோ நின்றான். இரண்டு மாடிக்கு நடுவில், கையில் ஒன்றும் இல்லாமல், அவளை முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். கோபம் வரவில்லை அவனுக்கு. அதைவிட மோசமாக, யோசனை வந்தது.

"அப்படின்னா இங்கயே விட்டுட்டு வரப் போறதில்லையா?"

"இல்ல."

"அம்மாகிட்ட?"

"நானே சொல்றேன்."

"சாமிமாடத்துல அப்பா படத்துக்குத் தினம் சோறு யாரு வெப்பா?"

அந்தக் கேள்விக்கு அவள் பல வாரமாக ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது. போதகர் சொல்லிக்கொடுத்தது, நேர்த்தியானது. அது இப்போது நினைவுக்கு வரவில்லை.

"நான் வெப்பேன். அவருக்குப் பிடிச்ச மாதிரி சூடா வெப்பேன். கும்பிட மாட்டேன்."

"கும்பிடாம? சும்மா வெச்சுட்டு எழுந்து வந்துடுவியா?"

"வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்."

"அது கும்பிடறதா, இல்லையா? அம்மா கேப்பாங்க. சித்தப்பா கேப்பாரு. கோயில்காரரு வந்து கேப்பாரு. என்னன்னு சொல்றது?"

எஹிமேயில், அந்த வீட்டில், ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் இரண்டு கைகளும் என்ன செய்யும் என்று மினேகோவால் இங்கிருந்து சொல்ல முடியவில்லை. தொட்டியின் ஈரம் காயாத தலைமுடியிலிருந்து கழுத்துக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"தெரியலீங்க" என்றாள். "ஆனா கேக்கறவங்ககிட்ட நான்தான் பேசுவேன். நீங்க யாரு முன்னாடியும் குனியாதீங்க."